லாக்கர் செம்பியனின் இடது கால்

தி. நகரில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். ஆள் படியேறும்போதே கால் அளவைச் சொல்லிவிடுவேன். எட்டுதான், ஆனால் அகலப் பாதம், ஒன்பது எடு என்று உள்ளே குரல் கொடுப்பேன். குதிகால் எந்தப் பக்கம் தேய்கிறது, எந்த விரல் எந்த விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, யாருக்கு ஆணிக்கால், யார் பொய் சொல்லி ஒரு அளவு சின்னதாகக் கேட்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஊரார் பாதத்தையெல்லாம் முட்டிபோட்டுப் பார்த்துப் பார்த்தே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் பாதத்தை நான் பார்த்தது எப்போது என்று கேட்டால்தான் சிக்கல். குளிக்கும்போது மேலிருந்து ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான். தொப்பை வந்தபிறகு அதுவும் நின்றுபோனது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவது என் இடது காலைப் பற்றி. இந்த வருடம் அது என்னிடம் தங்குமா, போகுமா என்று ஒரு கட்டம் வந்தது. அந்தக் கட்டத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நானேதான். வேறு யாருக்கும் அந்தப் பெருமையில் பங்கு கிடையாது.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அன்று சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போய்விடுவேன். அங்கே கல் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்து செஸ் ஆடுகிற கூட்டம் ஒன்று உண்டு. ரிட்டயர் ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள், வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்று வந்தவர்கள், எல்லோரும் கலந்த கூட்டம். அங்கே எனக்குப் பெயர் செம்பியன் இல்லை, லாக்கர்.

பெயர்க் காரணம் எளிது. என்னிடம் போன காய் வெளியே வராது. ஒரு சிப்பாயைக்கூட நான் சும்மா விட்டுக்கொடுத்ததில்லை. எதிராளி ஒரு சிப்பாயைத் தொடப் பார்த்தால் அதைக் காக்க ஒரு குதிரையை அனுப்புவேன், குதிரையைக் காக்க யானையை அனுப்புவேன், யானைக்குத் துணையாக ராணி போகும். கடைசியில் முழுக் குடும்பமும் ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ரேஷன் கடை வாசல் மாதிரி. ஒரு தடவை என் பதினாறு காயும் பலகைமேல் உயிரோடு இருக்கும்போதே எனக்குச் செக்மேட் வைத்தார்கள். என் ராஜா தப்பிக்க இருந்த வழியையெல்லாம் என் ஆட்களே அடைத்துக்கொண்டு நின்றார்கள். பூங்காவே சிரித்தது.

“சிரிங்கப்பா, சிரிங்க. ஒரு காயாவது செத்துச்சா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் நிஜமாகவே பெருமையோடுதான் கேட்டேன். அதுதான் கேவலம்.

எனக்கு நேர் எதிர் அப்துல் வஹீத். திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பக்கத்தில் தொப்பியும் அத்தரும் விற்கிறவர், என் வயதுதான். அவருக்குப் பூங்காவில் பெயர் வள்ளல். ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நகர்த்தல் ஆவதற்குள் ஒரு குதிரையையோ பிஷப்பையோ தூக்கி எதிராளியின் வாயில் வைத்துவிடுவார். எதற்காக வைத்தார் என்று பலசமயம் அவருக்கே தெரியாது. “குட்த்தாதான் பாய் ஆட்டம் தொறக்கும்” என்பார். சுற்றி நிற்பவர்கள் ஆஹா என்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் ராஜா நடுத்தெருவில் தனியாக நிற்கும். நான் கொடுக்காமல் தோற்பேன், அவர் கொடுத்துக் கொடுத்துத் தோற்பார். எங்கள் இரண்டு பேரில் யார் மட்டமான ஆட்டக்காரர் என்பது பூங்காவில் இன்னும் தீராத வழக்கு.

வீட்டிலும் நான் லாக்கர்தான். கடையில் ஜோடி தொலைந்துபோன ஒற்றைச் செருப்புகள் சேரும். முதலாளி குப்பையில் போடச் சொல்வார். எனக்கு மனசு வராது, இன்னொன்று என்றைக்காவது கிடைக்கும் என்று வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவேன். கட்டிலுக்கடியில் ஒரு கோணி நிறைய இருந்தது. மந்தைவெளியில் ஒரே அறையும் ஒரு சமையல் மேடையும்தான் எங்கள் வீடு. அந்த அறையில் என் மனைவி தேவானையின் தையல் மெஷின், அவள் தைக்கிற பிளவுஸ்கள், நாங்கள் இரண்டு பேர், அப்புறம் இந்தக் கோணி. “யோவ், ஒத்தக் கால் ஆளு எவனாவது வருவான்னு கட தொறக்கப் போறியா?” என்று அவள் கேட்பாள். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

சர்க்கரை எனக்குப் பல வருடமாக உண்டு. மாத்திரை வீட்டில் இருக்கும், ஞாபகம் இருந்தால் வாய்க்குப் போகும். போன வருடம் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை முகாம் போட்டார்கள் என்று தேவானை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பரிசோதனை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லிய ஒன்றால் பாதத்தில் அங்கங்கே ஒரு நர்ஸ் பெண் குத்துவாள், குத்தும்போதெல்லாம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அவள் கை நிறைய கண்ணாடி வளையல். ஒவ்வொரு குத்துக்கும் வளையல் சின்னதாகக் குலுங்கியது. நான் செஸ் ஆடுகிறவன் இல்லையா, எதிராளியைக் கவனிப்பவன் இல்லையா? வளையல் குலுங்கும்போதெல்லாம் ‘தெரியுது’ என்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. சூப்பர் சார் என்று அவள் சொன்னதும் பூங்காவில் ஜெயிக்காத ஆட்டத்தையெல்லாம் அங்கே ஜெயித்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். காலில் ஒரு குத்துகூட எனக்குத் தெரியவில்லை என்பதை வழியெல்லாம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அப்புறம் பங்குனி வந்தது. அறுபத்து மூவர் உற்சவத்தன்று கபாலி கோயில் மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. உச்சி வெயிலில் தார் இளகி மினுமினுத்தது. செருப்பில்லாமல் வந்த ஜனங்கள் காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்தார்கள், மோர் கொட்டிய ஈரம் எங்கே என்று தேடி ஓடி அதில் நின்றார்கள். நானும் வெறுங்கால்தான், ஆனால் நாலு வீதியையும் நிதானமாகச் சுற்றினேன், ஏதோ புல்வெளியில் நடக்கிறவன் மாதிரி. வடக்கு மாட வீதியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் காலையே பார்த்தாள்.

“இன்னா நைனா, உனுக்குச் சுடவேயில்லியா?”

“அவரு பாத்துப்பாரும்மா” என்று கோபுரத்தைக் காட்டினேன்.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒருவர் என்னைக் கும்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் நம்பிவிட்டேன். வருடக்கணக்கில் பக்தியே இல்லாமல் இருந்தவனுக்கு ஒரே மத்தியானத்தில் இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, சர்க்கரை என் கால் நரம்பைத் தின்றுவிட்டது என்று தோன்றவில்லை. ராத்திரி வீட்டில் பாதத்தின் கீழே பெரிய கொப்புளம். தேவானை பதறினாள். சாமி காரியத்தில் வந்தது சாமியே ஆற்றும் என்று அவளுக்கு உபதேசம் வேறு செய்தேன்.

மற்ற இடமெல்லாம் ஆறியது. சுண்டுவிரலுக்கு அடியில் மட்டும் ஆறவில்லை. மஞ்சள் வைத்தேன், பிளாஸ்திரி ஒட்டினேன், கடைக்கு சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு போனேன். வலித்திருந்தால் பயந்திருப்பேன். வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். விரல் நிறம் மாற ஆரம்பித்தபிறகுதான் ஒரு செவ்வாய்க்கிழமை தேவானைக்குச் சொல்லாமல் அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் பெயர் நீரஜா. என் காலைத் தன் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என் கால் இன்னொருவர் கையில் இருந்தது, எனக்குக் கூச்சமாக இருந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“எலும்பு வரைக்கும் போயிருக்கு சார். சுண்டுவிரலை எடுத்துடணும். இப்ப எடுத்தா பாதத்தைக் காப்பாத்திடலாம். விட்டா மேல ஏறும். அப்புறம் பாதம், அதுக்கப்புறம் கணுக்கால். நீங்க நின்னு வேலை செய்யறவர்னு சொல்றீங்க.”

“ரெண்டு மூணு மூவ் வெயிட் பண்ணிப் பாக்கலாமா டாக்டர்?” என்றேன். பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது.

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை. “அது நகர்ந்துகிட்டேதான் இருக்கு சார். நீங்கதான் நின்னுட்டிருக்கீங்க. நாளைக்கே வந்து சேருங்க.”

வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டில் கேட்கவில்லை. தேவானையிடம் களிம்பு கொடுத்தார்கள் என்றேன். ஸ்கூல் ஷூ சீசன் நடக்கிறது, இப்போது லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். செருப்புக் கடைக்காரனுக்கே விரல் இல்லை என்றால் யார் நம்பி வாங்குவார்கள் என்று இன்னொரு காரணம். இதெல்லாம் காரணமே இல்லை. எனக்குக் கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். தக்கனூண்டு விரல். அது எதற்கு உதவுகிறது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனால் அது என்னுடையது. ஒரு சிப்பாயைக் காக்கக் குதிரையை அனுப்புகிறவன், ஒரு விரலைக் காக்கக் காலையே பந்தயம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய் பூங்காவில் வஹீத் பாயோடு உட்கார்ந்தேன். சாக்ஸைக் கழற்றாமலேயே சப்பணம் போட்டேன். அவர் வழக்கம்போல ஒரு பிஷப்பையும் ஒரு சிப்பாயையும் வாரி வழங்கிவிட்டு, ஆச்சரியமாக அன்று உருப்படியாகவும் ஆடினார். அவர் குதிரை ஒன்று பாய்ந்து வந்து என் ராணிமேல் கண் வைத்தது. ராணியை நகர்த்தலாம் என்று பார்த்தால் போகிற இடத்திலெல்லாம் அவர் ஆட்கள். காப்பாற்ற வழியே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. என் ராணிக்கு நேர் பின்னால் என் யானை நின்றது. எதிரே வஹீத் பாயின் ராஜா கடைசி வரிசையில், தன் சிப்பாய்கள் மூன்றுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வரிசைக்குக் காவல் ஒரே ஒரு யானை. நான் ராணியை நேராக அந்தக் கடைசி வரிசைக்கே கொண்டுபோய் வைத்து செக் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். லாக்கர் ராணியைக் கொடுக்கிறான்!

“அரே, இன்னாச்சி உனுக்கு?” என்றார் வஹீத் பாய். அவர் யானை என் ராணியை வெட்டியது, வேறு வழியில்லை. பின்னால் இருந்த என் யானை இறங்கி அவர் யானையை வெட்டியது. ராஜா போக இடமில்லை. செக்மேட்.

பூங்காவில் அன்று நடந்த அமர்க்களத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒருவர் என் முதுகில் அடித்தார். வஹீத் பாய் எழுந்து வந்து கட்டிப்பிடித்து, பையிலிருந்த அத்தரை என் சட்டையில் தடவிவிட்டார். “லாக்கரு தொறந்துக்கிச்சிப்பா!” என்று கத்தினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். ராணியையே கொடுத்தவன் ஒரு சுண்டுவிரலைக் கொடுக்கமாட்டேனா? அடுத்த செவ்வாய் லீவில் போய் டாக்டரிடம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பீரமாகச் சொல்லிவிட வேண்டியது. தியாகத்தைக்கூட வார லீவு பார்த்துத்தான் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் தேவானை மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கியோ எலி செத்துக் கீதுய்யா. காத்தாலேருந்து நாறுது. மெஷினைப் புடி, தூக்கலாம்.”

பிடித்தேன். அதற்கடியில் ஒன்றும் இல்லை. பிளவுஸ் மூட்டையைப் பிரித்தோம். கட்டிலை நகர்த்தினோம். “எல்லாம் உன் கோணிலதான் இருக்கும், கஸ்மாலம் புடிச்ச கோணி” என்று அவள் ஒற்றைச் செருப்புகளையெல்லாம் வாசலில் கொட்டினாள். எலி இல்லை. நான் டார்ச்சை அடித்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் தேடினேன். எனக்கு அத்தர் வாசனைதான் வந்தது. நான் நகர்ந்த பக்கமெல்லாம் நாற்றமும் நகர்ந்திருக்கிறது. அதை முதலில் கவனித்தவள் அவள்தான். தேடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். குனிந்து என் இடது காலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“சாக்ஸைக் கழட்டு.”

“அது ஒண்ணுமில்லமே...”

“கழட்டு.”

கழற்றினேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது, பக்கத்து விரலும் கறுத்திருந்தது. தேவானை கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். “எலின்னு என்கூட சேர்ந்து தேடுனியேய்யா” என்று மட்டும் சொன்னாள். அன்று நான் டார்ச்சோடு முட்டிபோட்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

விடிந்ததும் ஆட்டோவில் அடையாறுக்கு இட்டுக்கொண்டு போனாள். நீரஜா டாக்டர் கட்டுப் பிரித்துப் பார்த்தார், மறுபடியும் படம் எடுத்தார். நான் தயாராக வைத்திருந்த கம்பீரமான வசனத்தைச் சொன்னேன்.

“சுண்டுவிரலை எடுத்துடுங்க டாக்டர். நான் மனசு பண்ணிட்டேன்.”

“அது போன வாரம் சார்” என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “இப்ப அதையும் பக்கத்து விரலையும் நீங்க குடுக்கறீங்களான்னு நான் கேக்கவே வேண்டியதில்ல. ரெண்டும் போயாச்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று பூங்காவில் நான் கொடுத்த ராணியும் அப்படித்தானே? குதிரை வாயில் மாட்டி, எந்தப் பக்கமும் போக வழியில்லாமல், எப்படியும் சாகப்போகிற ராணி. போனதைக் கொடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்கி, சட்டை நிறைய அத்தர் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

டாக்டர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நான் கேக்கப் போறது நடுவிரலைப் பத்தி. பாக்க நல்லா இருக்கு. படத்துல அதோட அடி எலும்புல ஒரு சின்ன சந்தேகம் இருக்கு. கிருமி போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இப்பவே அதையும் எடுத்துட்டா இத்தோட நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கட்டைவிரலும் பக்கத்து விரலும் போதும், நிக்கலாம், நடக்கலாம். அதை விட்டு வச்சுப் பாக்கலாம்னா அதுவும் சரிதான். ஆனா அதுல கிருமி இருந்தா அடுத்த தடவை பாதி பாதம் போகும். எது சரின்னு என்னால நிச்சயமா சொல்ல முடியல. உங்க கால். நீங்கதான் சொல்லணும்.”

நான் தேவானையைப் பார்த்தேன். “என்னைப் பாக்காத” என்றாள். பிறகு டாக்டரிடம், “இந்த மனுசன் ஒத்த செருப்பைக்கூடத் தூக்கிப் போடமாட்டாரும்மா. இவரைப் போய்க் கேக்குறீங்களே” என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் யோசிக்கிறேன் என்றேன். இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

கட்டிலில் உட்கார்ந்து, காலை மடக்கி மடியில் வைத்து, எத்தனையோ ஆயிரம் பேர் காலைப் பார்த்த மாதிரி என் காலைப் பார்த்தேன். நடுவிரல் நல்ல நிறமாக இருந்தது. நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. ஆடு என்று மனசுக்குள் சொன்னேன், ஆடியது. மறுபடி சொன்னேன், மறுபடி ஆடியது. வெயிலில் நடந்த குற்றமோ, முகாமில் ஏமாற்றிய குற்றமோ, களிம்பு என்று பொய் சொன்ன குற்றமோ எதிலும் அதற்குப் பங்கில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற விரல்.

லாக்கர் புத்தி உடனே கணக்குப் போட்டது. சந்தேகம்தானே? விட்டு வைத்துப் பார்க்கலாமே. நல்லதாகவே இருந்துவிட்டால் மூன்று விரல் மிஞ்சுமே. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பழக்கமான கணக்கு. பலகைமேல் எத்தனை மிச்சம் என்று எண்ணுவேனே தவிர, எதற்காக மிச்சம் வைக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. பதினாறு காயையும் வைத்துக்கொண்டு தோற்ற ஒரே ஆள் நான்தான். இப்போது கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியது மூன்று விரலா, நிற்கிற காலா? நிற்க வேண்டும். கடையில் நிற்க வேண்டும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், தேவானை தையல் மெஷினைத் தூக்கு என்றால் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். அதற்கு இந்த விரலைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தால் அது தேவைதானா என்று தெரியாமலே கொடுக்க வேண்டும். என் வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் என்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கவில்லை. நானாகத் தர வேண்டியிருந்தது, கைதட்ட ஒருவரும் இல்லாத அறையில்.

கதவைத் திறந்து கூப்பிட்டேன். “மூணையும் எடுத்துடுங்க” என்றேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது. கம்பீரம் ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுகியது, தேவானை முந்தானையால் துடைத்துவிட்டாள். கையெழுத்துப் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து டாக்டர் பரிசோதனை முடிவோடு வந்தார். அந்த நேரம் வஹீத் பாயும் என்னைப் பார்க்க வந்திருந்தார். ஆஸ்பத்திரி நாற்றம் தனக்கு ஆகாது என்று அத்தர் குப்பியோடுதான் வந்தார்.

“நடுவிரல் எலும்புல கிருமி இல்ல சார். சுத்தமா இருந்தது” என்றார் டாக்டர்.

வள்ளலுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். “அடடா, ஒரு காய் வேஸ்டாப் பூட்ச்சே மச்சி” என்றார். தேவானை அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து போய் ஜன்னலருகில் நின்றுகொண்டார்.

“வேஸ்ட் இல்ல” என்றார் டாக்டர். “கடைசியா எடுத்தது சுத்தமா இருந்ததாலதான், இத்தோட நின்னுடுச்சின்னு என்னால இப்ப சொல்ல முடியுது.”

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. புரிந்தும் அழுதேன். கறுத்துப்போன இரண்டு விரலுக்காகவும் ஒரு சொட்டு விடாதவன், அந்த நல்ல விரலுக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். டாக்டர் காப்பாற்றிவிட்டார், கால் என்னிடமே தங்கிவிட்டது, எல்லாம் சரி. ஆனால் அது என் பேச்சைக் கேட்டு ஆடியதே. தேவானை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வஹீத் பாயும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அத்தர் பட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்.

காயம் ஆறிக் கட்டுச் சின்னதானபிறகு ஒருநாள் காலையில் டாக்டர் நிற்கச் சொன்னார். தேவானை என் கைக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். வலது காலை ஊன்றினேன். இடது காலை மெதுவாக இறக்கினேன். தரை வந்ததா, வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலுக்கு அது தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது. பயத்தில் முழுப் பாரத்தையும் அவள்மேல் போட்டேன்.

“இன்னாய்யா, நிக்கிறியா?”

“எனுக்குத் தெர்ல தேவானை. நீ குனிஞ்சு பார்த்துச் சொல்லு.”

இவ்வளவு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் குனிந்து பார்த்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களும் தரையில் பதிந்து, நுனி வெளுத்து, பிடித்துக்கொண்டிருந்தன.

“நிக்கிறய்யா” என்றாள்.

அப்புறம் தோளை என் கைக்கடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டாள். நான் நின்றேன்.